நாற்பத்தேழாம் கேள்வி

வெற்றிச்செல்விக்கு வேல்முருகனை முதல் சந்திப்பிலேயே பிடிக்கவில்லை. ஏன் என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாமல் போனதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வீடு பெரம்பலூர் துறைமங்கலத்தில். வேலை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லேப்பில். சிமெண்டைக் கலந்து சிறு கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இருபத்தெட்டாம் நாள் எடுத்து இயந்திரத்தில் நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகிறது என்று எழுதி வைப்பாள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா கொளஞ்சி பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தாள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத பெண் என்பதால்தான் வெற்றிச்செல்வி ஜாதகம் வேண்டாமென்று சொல்லிவிட்டு அறிவரசனிடம் போனாள்.

அறிவரசன் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் 'மனப்பொருத்தம்' என்ற திருமணத் தகவல் மையம் நடத்தினார். முன்பு சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தவர். ராசி, நட்சத்திரம் எதையும் கேட்கமாட்டார். நூற்றுப் பத்துக் கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து வீட்டில் வைத்து நிதானமாக எழுதிவரச் சொல்வார். பதில்களை வைத்து மனிதர்களை எட்டு வகையாகப் பிரித்திருந்தார். எந்த வகைக்கு எந்த வகை ஒத்துப்போகும் என்பதைச் சதவிகிதத்தில் சொல்வார். கல்லூரிகளில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மையத்தின் முன்மேசையில் அவர் மனைவி ஜோதி உட்கார்ந்து, வந்த தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள்.

வெற்றிச்செல்வி இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை கேள்விகளுக்கும் உண்மையை எழுதினாள். நாற்பத்தேழாம் கேள்வி, வீட்டில் எது நடந்தால் உங்களால் தாங்கவே முடியாது என்பது. அதற்கு மட்டும் அரைப் பக்கம் எழுதினாள். வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வெளியூருக்குப் படிக்கப் போனதற்காக அவள் அப்பா எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. பேசாமலே மாரடைப்பில் போய்விட்டார். 'ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் என்னோடு பேசாமல் இருந்தால் நான் உடைந்துவிடுவேன்' என்று முடித்திருந்தாள். அம்மாவிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அவள் ஆறாம் வகை என்று வந்தது. ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை வைத்திருந்த வேல்முருகன் இரண்டாம் வகை. பொருத்தம் தொண்ணூற்றொரு சதவிகிதம்.

முதலில் பையனும் பெண்ணும் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும், குடும்பங்கள் அப்புறம்தான் என்பது மையத்தின் விதி. அரியலூரில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். வேல்முருகன் மரியாதையாகப் பேசினான். தனக்குக் கோபம் வந்தால்கூட உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுவதாகவும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களைக் கண்டாலே ஆகாது என்றும் சொன்னான். அவள் கேட்க ஆசைப்பட்ட ஒவ்வொன்றையும் அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான். நடுவில் டீ கொண்டுவந்த பெரியவர் கை தவறி அவன் சட்டைக் கையில் கொஞ்சம் ஊற்றிவிட்டார். பரவாயில்லை என்று சிரித்தான். ஆனால் பெரியவர் திரும்பி நடந்து உள்ளே போய் மறைகிறவரை அவன் கண் அவர் முதுகிலேயே இருந்தது. சிரிப்பும் அப்படியே இருந்தது. வெற்றிச்செல்விக்கு அடிவயிறு இறுகியது. எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

மறுநாளே அறிவரசனிடம் போய் வேண்டாம் என்று சொன்னாள். அவர் காரணம் கேட்டார்.

"காரணம்னு எதுவும் இல்ல சார். வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது."

அவர் கோபப்படவில்லை. அவளுடைய தாளை எடுத்து மேசையில் விரித்தார். "இது உள்ளுணர்வு இல்லம்மா. ஆறாம் வகைக்கு வர்ற பயம். நல்லது கிட்ட வரும்போதுதான் அது ரொம்பக் கத்தும். அத நம்பி நல்ல வாழ்க்கைய விட்டவங்கள நான் எத்தனையோ பேர பாத்துட்டேன். நீங்க லேப்ல வேல பாக்குறவங்க. மெஷின் காட்டுறத நம்புவீங்களா, வயித்த நம்புவீங்களா?"

முன்மேசையிலிருந்து ஜோதி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கொளஞ்சிக்கு மாப்பிள்ளையை மிகவும் பிடித்துப்போயிற்று. தை மாதம் கல்யாணம் நடந்தது.

நான்காம் மாதம் அவன் பேச்சை நிறுத்தினான். சிமெண்ட் ஆலையில் ஆள் பற்றாக்குறை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போய்வந்ததுதான் குற்றம். கத்தவில்லை, அடிக்கவில்லை. அவள் அந்த வீட்டில் இல்லாதது போல நடந்துகொண்டான். தன் அம்மாவோடு சிரித்துப் பேசினான், போனில் சிரித்துப் பேசினான், அவள் வைத்த சாப்பாட்டை நகர்த்திவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் அவள் அழுது மன்னிப்புக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. அன்று அவளுக்குப் பூ வாங்கி வந்தான். அடுத்த முறை ஒன்பது நாள். அதற்கடுத்து பதினேழு நாள். ஒவ்வொரு முறையும் அவள் முன்னதைவிட மோசமாக உடைந்தாள். பதினேழாம் நாள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. லேப்பில் கட்டிகளைக் கீழே போட்டு உடைத்தாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த சுவாதி, வாலிகண்டபுரத்துப் பெண், ஒன்றும் கேட்காமல் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

பதினான்காம் மாதம் ஒரு காலையில், குளித்துக்கொண்டிருந்த வேல்முருகன் தன் போனில் லாரி டிரைவர் ஒருவரின் எண்ணைத் தேடிக் கூப்பிடச் சொன்னான். தேடும்போது செய்திகளுக்கு நடுவே அறிவரசன் பெயர் கண்ணில் பட்டது. உள்ளே அவள் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. 'துணையை அறிதல்' என்று தலைப்பு. அவள் எழுதிய நூற்றுப் பத்துப் பதில்களும் வரிசையாக அதில் இருந்தன. நாற்பத்தேழுக்கு மஞ்சள் அடித்திருந்தது. கீழே அறிவரசனின் குறிப்பு: 'இவரைக் கட்டுப்படுத்த நீண்ட விவாதம் தேவையில்லை. மௌனமே போதுமானது.' அதற்கு மேலே, கல்யாணத்துக்கு முந்தைய செய்திகளில், வேல்முருகனின் முதல் முடிவு நன்றாக வரவில்லை, கோபத்தைப் பற்றிய கேள்விகளுக்குத் தான் சொல்கிறபடி மாற்றிப் போட்டால் இரண்டாம் வகை வந்துவிடும் என்று அவர் எழுதியிருந்தார்.

அவள் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வேல்முருகன் ஈரத்தோடு வந்து போனைப் பிடுங்கினான். அவள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக அழித்தான். பிறகு துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு, மறுபடியும் அவளோடு பேசுவதை நிறுத்தினான். அன்று அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரம்பலூரில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக மையத்துக்குப் போனாள். இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. தன் பதில்களை ஏன் அவனிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அறிவரசன் எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தார். அப்படி ஒரு கோப்பே கிடையாது என்றார். காட்டுங்கள் என்றார். அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. அவர் அந்தக் குடும்பங்கள் பக்கம் திரும்பி, வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார்.

"பாருங்க, சந்தேகம்தான் ஆறாம் வகையோட வியாதி. தப்பு இவங்களோடது இல்ல. புரிஞ்சுக்கணும்."

வந்திருந்த பெண்களில் ஒருத்தி அவளை இரக்கமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு படியிறங்கி வந்தபோது வெற்றிச்செல்விக்கு அழுகை வரவில்லை. உள்ளுக்குள் எல்லாம் தெளிவாக, சில்லென்று ஆகியிருந்தது. இந்த இரண்டு பேரையும் விடப் போவதில்லை என்று தெரிந்தது. அந்தத் தெளிவு அவளுக்குப் பிடித்திருந்தது.

விவாகரத்துக்கு வேல்முருகன் தடை சொல்லவில்லை. இரு தரப்பும் சம்மதித்து மனு கொடுத்தார்கள். அது முடிய ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு காலமும் அவள் ஒழுங்காக வேலைக்குப் போனாள், வந்தாள். மகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டாள். வேல்முருகன் மறுபடியும் பெண் பார்க்கிறான், அதே மையத்தில் பதிந்திருக்கிறான் என்று ஜெயங்கொண்டத்தில் தெரிந்தவர்கள் மூலம் செய்தி வந்த அன்று வெற்றிச்செல்வி நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. தலைமை அலுவலகம் சில சமயம் ஏற்கனவே அளந்து வைத்த சிமெண்டை, எதுவும் சொல்லாமல், மற்ற மாதிரிகளோடு கலந்து லேப்புக்கு அனுப்பும். சரியான அளவு அவர்களுக்குத் தெரியும். லேப் என்ன எழுதுகிறது என்று பார்ப்பார்கள். பிளைண்ட் சாம்பிள் என்பார்கள். அதைப் போல ஒரு பெண்ணை அந்த மையத்துக்கு அனுப்பினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

சுவாதியிடம் சொன்னாள். வேல்முருகனோ அறிவரசனோ அவளைப் பார்த்ததில்லை. சுவாதி அரை நிமிடம் யோசித்தாள். "நான் போறேங்க்கா. ஆனா எங்கூட நீங்க இருக்கணும், எங்க போனாலும்."

தாளை வாங்கி வந்தது சுவாதி, பதில்களை எழுதியது வெற்றிச்செல்வி. மையம் தனக்குக் கொடுத்த அறிக்கையை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். எப்படி எழுதினால் எந்த வகை வரும், எது இரண்டாம் வகையோடு சேரும் என்று அவளுக்குத் தெரியும். இடையில் இரண்டு பொய்களை வைத்தாள். சிறு வயது நினைவு பற்றிய கேள்விக்கு, ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி ஒன்றை வளர்த்ததாகவும், அதற்கு அமாவாசை என்று பெயர் வைத்ததாகவும், சொல்லாமல் அதை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதினாள். நாற்பத்தேழுக்கு, 'யாராவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், கூட்டத்தில் தனியாக நின்றால், எனக்கு மூச்சு முட்டும்' என்று எழுதினாள்.

பத்தே நாளில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. வேல்முருகன், இரண்டாம் வகை, எண்பத்தெட்டு சதவிகிதம். முதல் திருமணம் பெண்ணின் மனநலப் பிரச்சினையால் முறிந்தது என்று கூடுதல் குறிப்பு.

முதல் சந்திப்பு அதே பேக்கரியில் நடந்தது. வெற்றிச்செல்வி எதிர்ப்புறம் நின்ற ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள். சுவாதியின் போன் பைக்குள் எல்லாவற்றையும் பதிவு செய்தது. அன்று மதியம் லேப்பின் பின்பக்கம் உட்கார்ந்து இருவரும் அதைக் கேட்டார்கள். இருபதாவது நிமிடத்தில் வேல்முருகனின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

"சின்ன வயசுல ஒரு ஆட்டுக்குட்டி வளத்தேங்க. அதுக்கு ஒத்தக் கண்ணுதான். வூட்ல எனக்குத் தெரியாம வித்துட்டாங்க. இன்னி வரைக்கும் நான் ஆட்டுக்கறி திங்கறதில்ல."

ஒரு ஞாயிறு விடாமல் அவனுக்கு ஆட்டுக்கறி சமைத்துப் போட்டவள் வெற்றிச்செல்வி. சுவாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அதே குரல், அதே இடத்தில் அதே தயக்கம். தன்னிடம் பேசியபோதும் இப்படித்தான் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்திருக்கிறான். அன்று தன் வயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சுவாதி இத்துடன் போதும் என்றாள். வெற்றிச்செல்வி இன்னும் ஒரே ஒரு முறை என்றாள். அவன் தன் வேலையைக் காட்டும்போதே அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை.

இரண்டாவது முறை வேல்முருகன் தன் ஆலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, சுவாதியை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பதினொரு மணிக்கு வந்து நிற்கச் சொன்னான். சுவாதி கும்பகோணம் பஸ்கள் நிற்கும் பக்கம் போய் நின்றாள். வெற்றிச்செல்வி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பழக்கடை ஓரமாக இருந்தாள். பதினொன்றரை ஆயிற்று. அவன் போன் அணைந்திருந்தது. பன்னிரண்டு ஆயிற்று. வெற்றிச்செல்வி சொல்லிக் கொடுத்திருந்தபடி சுவாதி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள், அங்குமிங்கும் திரும்பினாள். வெற்றிச்செல்வி சாலையின் எதிர்வரிசையை ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடை ஒன்றின் உள்பெஞ்சில் வேல்முருகன் உட்கார்ந்திருந்தான். கையில் டீ கிளாஸ். கண் சுவாதி மேல். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

அவள் சாலையைக் கடந்து போய் அவன் எதிரே உட்கார்ந்தாள். அவனுக்கு அவள் யாரென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவ பயப்படல," என்றாள் வெற்றிச்செல்வி. கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்கள் என்றே அழைத்தவள். "அந்தப் பதில எழுதுனது நான். ஆட்டுக்குட்டியும் நாந்தான். நீ பேசுனது பூராவும் அவ போன்ல இருக்கு."

அவன் கிளாஸை வைத்தான். "இத வச்சிகிட்டு என்ன பண்ணுவ?"

"நீ இனிமே எந்த வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனாலும், உனக்கு முன்னாடி நான் போயிட்டு வந்திருப்பேன்."

அவன் அவளையே பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பழக்கம் போல வாயை மூடிக்கொண்டான். இந்த முறை அந்த மௌனம் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவன் நெற்றியில் வியர்வை அரும்புவதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். சுவாதியை அழைத்துப் போய் வயிறு நிறையப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வேல்முருகனின் போனை வாங்கி, அவன் அழித்ததை மீட்டெடுத்துப் பார்த்தபோது, சுவாதி பெயரில் ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டியோடு முழுத் தாளும் அதில் இருந்தது. மையத்தின் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். அறிவரசன் மூன்றாம் நாள் ஜாமீனில் வெளியே வந்தார். வழக்கு நடக்கும், நடந்துகொண்டே இருக்கும் என்று வக்கீல் சொன்னார். அவர் மையத்தை மறுபடியும் திறந்தார். போட்டியாளர்கள் கிளப்பிவிட்ட புரளி என்று கேட்டவர்களிடம் சொன்னார். ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு மாலை ஜோதி துறைமங்கலம் வீட்டுக்கு வந்தாள். கொளஞ்சி கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பையன் வீட்டார் கேட்டு, பெண்ணின் பதில்களை அறிவரசன் அனுப்பிவைத்த வேறு நாற்பத்தொரு குடும்பங்களின் பெயரும் ஊரும் அதில் இருந்தன.

"ஆட்டுக்குட்டியப் படிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அது உங்க கையெழுத்து. தெரிஞ்சேதான் ஏத்திவிட்டேன்," என்றாள் ஜோதி.

ஏன் என்று வெற்றிச்செல்வி கேட்டாள்.

"எனக்கும் அவருக்கும் தொண்ணூத்தாறு சதவிகிதம்ங்க. பதினேழு வருசம் ஆச்சு." காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். கேள்விகளைத் தயாரித்த புதிதில் அறிவரசன் தனக்குத் தானே எழுதிப் பார்த்த பதில்கள். நாற்பத்தேழாம் கேள்விக்கு அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'என்னிடம் யாரும் எதுவும் கேட்டு வராத நாள்.'

வெற்றிச்செல்வி அந்த வரியைப் பலமுறை படித்தாள். சிறை, அபராதம் எதுவும் வேண்டாம், இது போதும் என்று தோன்றியது.

அந்தப் பெண்களின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்று அவள் எதையும் இணையத்தில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, ஒவ்வொரு வீடாகப் போனாள். பெண்ணைத் தனியாக அழைத்து, உன் பதில்கள் உன் கணவனிடம் இருக்கின்றன என்று சொன்னாள். நாற்பத்தொன்றில் ஒன்றையும் விடுவதில்லை என்று தனக்குள் விதி வைத்துக்கொண்டாள். ஒருத்தி கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டைக் கண்டால் பயம் என்று எழுதிய ஒருத்தி, வீட்டில் அடிக்கடி பியூஸ் போனது ஏனென்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். அவர்களில் பலர் தங்கள் பெற்றோரிடம் சொன்னார்கள், பெற்றோர் சொந்தக்காரர்களிடம் சொன்னார்கள். ஆடி மாதத்துக்குள் மையத்துக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். கார்த்திகையில் கல்லூரிகள் கூப்பிடுவதை நிறுத்தின.

கீழப்பழுவூர் முத்தமிழ் முப்பத்தொன்பதாவது வீடு. கல்யாணமாகி இரண்டு வருடம், கணவன் லாரிப் பட்டறையில் எலெக்ட்ரீசியன். அவன் வேலைக்குப் போயிருந்தான். யாரென்று சரியாகக் கேட்காமலே முத்தமிழ் உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு வளையல்கள் கை நிறைய இருந்தன. மையத்தின் பெயரைச் சொன்னதும் முகம் விரிந்தது.

"அங்கதான் எங்களுக்கு அமைஞ்சிதுங்க்கா. நான் எதையும் வாய்விட்டுச் சொல்லவே வேணாம், அவருக்குத் தெரிஞ்சிடும். பின்னாலேருந்து திடீர்னு கூப்புட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடும். கல்யாணத்தன்னிலேருந்து ஒரு தடவகூட அவர் அப்படிக் கூப்புட்டதில்ல. வாசல்லயே செருமிட்டுதான் உள்ள வருவாரு."

வெற்றிச்செல்வியின் அடிவயிறு இறுகியது. பேக்கரியில் இறுகிய அதே இடம். எழுந்து போய்விடு என்று அது சொன்னது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். நாற்பத்தொன்று என்பது விதி. மற்றவர்களிடம் சொன்னதை இவளிடம் மட்டும் மறைப்பது எந்த நியாயம் என்று யோசித்தாள். இந்த வீட்டில் ஒரு பெண், அறிவரசனால்தான் தன் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதையும் அவளால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

முத்தமிழ் அழவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "சரிங்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

மீதி இரண்டு வீடுகளையும் முடித்துவிட்டு, மார்கழியில் ஒரு சனிக்கிழமை பகலில் வெற்றிச்செல்வி மையத்தின் படியேறிப் போனாள். முன்மேசை காலியாக இருந்தது. ஜோதி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாக ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்தாள். உள்ளே அறிவரசன் வெளுத்த சட்டையோடு, மேசையில் கேள்வித்தாள் கட்டை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்டு ஆவலோடு நிமிர்ந்தவர் அவளைப் பார்த்ததும் தணிந்துபோனார்.

"என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை. படிகளில் யாராவது ஏறி வருகிறார்களா என்று அவரோடு சேர்ந்து அவளும் காத்திருந்தாள். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. அவர் பேப்பரைப் புரட்டினார், போனைப் பார்த்தார், ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "நான் சிலருக்கு நல்லதும் செஞ்சிருக்கேன்," என்றார். அதற்கும் அவள் பேசவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவளுக்கு இனித்தது. பின்னாளில் இதைச் சுவாதியிடம் சொன்னபோதும் அந்த இனிப்பை அவள் மறைக்கவில்லை.

தை பிறந்து சில நாளில் முத்தமிழ் போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அவள் மேலே பேசினாள்.

"நேத்து எனக்குப் புடிக்கும்னு பால்கோவா வாங்கிட்டு வந்தாருக்கா. இது எத்தனாவது கேள்வின்னுதான் மொதல்ல தோணுச்சு. இப்பல்லாம் அவர் வாசல்ல செருமுனா எனக்கு ஒடம்பு கூசுது. நான் அம்மா வூட்டுக்கு வந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது ஆலைக் கேட்டருகே ஒருவன் நின்றிருந்தான். பட்டறைச் சட்டை, நகங்களில் கிரீஸ். முத்தமிழின் கணவன் என்று சொன்னான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்துச் சுவாதி முன்னால் வந்தாள். அவன் சண்டை போடவில்லை.

"அந்தப் பேப்பர நான் கேட்டு வாங்குனது உண்மதாங்க. எனக்குப் பேசத் தெரியாது. வர்ற பொண்ணு மனசு நோவக் கூடாதேன்னு படிச்சு வச்சிகிட்டேன். அதத் தெரிஞ்சிகிட்டு நான் என்னங்க தப்பு பண்ணுனேன்?"

அவளைக் கேட்காமல் வாங்கியதே தப்பு என்று அவளால் சொல்லியிருக்க முடியும். அது சரியான பதிலும்தான். ஆனால் எதிரே நின்றவனைப் பார்க்கையில் அவள் வயிறு இறுகவில்லை. இவன் நல்லவன் என்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அன்று அந்த வீட்டில் முத்தமிழ் பேசும்போதே தெரிந்ததுதான். தெரிந்தும் தன் விதிப்படி நடந்தாள்.

"உங்கமேல தப்பு இருக்கு. எம்மேலயும் இருக்குங்க," என்றாள். "நான் வந்து அவகிட்டப் பேசறேன்."

"வேணாங்க," என்றான் அவன். "நீங்க வர வேணாம்." பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

முத்தமிழ் சித்திரையில் கணவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி சொன்னாள். எப்படிச் சமாதானம் ஆனார்கள், முழுக்க ஆனார்களா என்று அவளுக்கும் தெரியவில்லை. வெற்றிச்செல்வி இரண்டு முறை போன் செய்தாள். முத்தமிழ் எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவள் செய்யவில்லை.

வேல்முருகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. இதுவரை மூன்று வீடுகளில் பேச்சு நடந்தது. மூன்றுக்கும் அவள் முன்கூட்டியே போய்வந்தாள், நான்காவது வந்தாலும் போவாள். அறிவரசன் மாடியைக் காலி செய்துவிட்டார். அடுத்த மாதம் பெரம்பலூர் கோர்ட்டில் சாட்சி விசாரணை இருக்கிறது. அதற்கு அவளும் சுவாதியும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லீவு தாளில் கையெழுத்துப் போடும்போது சுவாதி கேட்டாள், மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தால் செய்வீர்களா என்று.

"நாப்பது வூட்டுக்குத்தான் போவேன்," என்றாள் வெற்றிச்செல்வி.